17 ரூபாய் 85 காசு

ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இன்சூரன்ஸ் ஏஜென்ட் லைசென்ஸ் என்று ஒன்று இப்போது நம் நாட்டில் கிடையாது. 2015-ல் சட்டத்தைத் திருத்தியபோது அந்த ஏற்பாட்டையே எடுத்துவிட்டார்கள். பரீட்சையில் பாஸானால் கம்பெனியே ஒரு நியமனக் கடிதம் கொடுக்கும், அவ்வளவுதான். "லைசென்ஸ் வந்துருச்சு" என்று வெள்ளகோவில் பூராவும் சொல்லி, கடிதத்தை லேமினேட் போட்டு, வீரக்குமாரசாமி கோயில் வாசலில் சூடம் காட்டிய பிறகுதான் எனக்கு இது தெரியவந்தது.

அதற்காக ஊரில் யாரும் வருத்தப்படவில்லை. என்னிடம் லைசென்ஸ் இருக்கிறது என்பதையே அதுவரை ஒருவரும் நம்பியிருக்கவில்லை.

ஏன் இந்த வேலைக்குப் போனேன் என்று கேட்டால், தறிதான் காரணம். கரூருக்கு பெட்ஷீட் ஓட்டிக்கொடுக்கும் ஜாப் ஒர்க். அங்கே ஆர்டர் குறைந்தால் இங்கே தறி நிற்கும். அப்படி நின்றிருந்த ஒரு நாளில், என் தறிக்குடோனின் பாலிசியைப் புதுப்பிக்க வந்த ஏஜென்ட் ஒரு புதுக் காரிலிருந்து இறங்கினார். கமிஷனிலேயே கார் வாங்கலாம் போலிருக்கிறதே என்று எனக்குள் ஒரு பல்பு எரிந்தது. கார் அவருடைய மாமனாருடையது என்று தெரிவதற்குள் நான் பரீட்சைக்குப் பணம் கட்டிவிட்டேன்.

லைஃப் இன்சூரன்ஸ் வேண்டாம் என்று மட்டும் தெளிவாக இருந்தேன். கொங்கு நாட்டில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஏற்கெனவே ஒரு எல்.ஐ.சி. மாமா உண்டு. ஆகவே ஜெனரல்: தீ, வண்டி, திருட்டு, மாடு. எங்கள் ஊரை ஒருமுறை சுற்றிப் பாருங்கள். பஞ்சு மில், கழிவுப் பஞ்சுக் குடோன், எண்ணெய் மில், தேங்காய்க் களம், தறி. நெருப்புக்குப் பிடித்த அத்தனையும் ஒரே ஊரில். இதைவிட நல்ல மார்க்கெட் எங்கே கிடைக்கும் என்று கணக்குப் போட்டேன். "நம்மளுக்கெல்லாம் ஒண்ணும் ஆகாதுங்க" என்ற நம்பிக்கையும் இதே ஊரில்தான் மொத்த வியாபாரத்தில் இருக்கிறது என்பது கணக்கில் வரவில்லை.

தகுதி பத்தாம் வகுப்பு பாஸ். அது இருந்தது. மார்க் ஷீட்தான் இல்லை. பரண், பீரோ, அரிசி டிரம் எல்லாம் தேடி, கடைசியில் அம்மாவின் டிரங்குப் பெட்டியில் புடவைக்கு அடியில் கிடைத்தது. என் பெண் அதை வாங்கிக் கணக்கு மார்க்கைப் பார்த்துவிட்டு, ஒன்றும் பேசாமல் திருப்பிக் கொடுத்தாள். அன்றிலிருந்து அவளுடைய மார்க்கைப் பற்றி வீட்டில் நான் பேசுவதில்லை.

பிறகு 25 மணி நேரப் பயிற்சி, ஆன்லைனில். போனைத் தறி மேல் சாத்தி வைத்து வீடியோவை ஓடவிட்டேன். தறிச் சத்தத்தில் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஆனால் நேரம் ஏறிக்கொண்டே போனது. சில இடங்களில் வீடியோ நின்று, இன்னும் பார்க்கிறீர்களா என்பதுபோல ஒரு பட்டனை அழுத்தச் சொல்லும். என் தறிக்காரப் பையன் பார்த்துப் பார்த்து அழுத்திவிடுவான். நியாயமாகப் பார்த்தால் அந்தச் சான்றிதழில் பாதி அவனுக்குச் சேர வேண்டும்.

புத்தகத்தை என்னவோ படித்தேன். 1850-ல் கல்கத்தாவில் டிரைட்டன் என்றொரு கம்பெனி தொடங்கியது. 1973 ஜனவரி முதல் தேதியிலிருந்து, 107 கம்பெனிகளைச் சேர்த்து நாலாக்கி அரசாங்கம் நடத்தியது. அந்த நாலில் யுனைடெட் இந்தியாவுக்கு நம் சென்னைதான் தலைமையிடம். எல்லாம் மனப்பாடம். பரீட்சையில் இதில் ஒன்றைக்கூடக் கேட்கவில்லை.

எனக்குப் பிடித்த பாடம் குதிரைக்காரர் கதை. ஒருவர் குதிரையிலிருந்து விழுகிறார். அடிபட்டு ஈரத்தரையில் வெகுநேரம் கிடக்கிறார். ஜுரம் வருகிறது, நிமோனியாவாகிறது, இறந்துபோகிறார். அவரைக் கொன்றது நிமோனியாவா, விபத்தா? விபத்துதான். சங்கிலியை முதலில் இழுத்துவிட்ட காரணம் எதுவோ அதுதான் கணக்கு. 1909-ல் இங்கிலாந்தில் கிட்டத்தட்ட இதே மாதிரி ஒரு வழக்கில் கோர்ட்டே அப்படித்தான் தீர்ப்புச் சொன்னது. இந்தக் கதையை டீக்கடையில் அரை மணி நேரம் விளக்கினேன். பெரியவர் ஒருவர் கடைசி வரை பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "குதிரைல போறவனுக்கு டூவீலர் இன்சூரன்ஸ் எதுக்குங்க தம்பி?"

பரீட்சை கோயமுத்தூரில். காங்கேயம், பல்லடம் தாண்டிப் பஸ்ஸில் போகும் வழி முழுக்கப் புத்தகம் மடியில் இருந்தது. நான் தூங்கினேன். 50 கேள்வி, ஒரு மணி நேரம், தப்புக்கு மார்க் கழிப்பதில்லை, 35 சதவீதம் எடுத்தால் பாஸ். பக்கத்து சீட்டில் காலேஜ் முடித்த ஒரு பெண் டக்டக்கென்று அடித்துவிட்டு எழுந்து போய்விட்டாள். நான் அப்போது மவுஸ் அம்பைத் தேடிக்கொண்டிருந்தேன்.

அந்தத் தடவை தேறவில்லை. அடுத்து எழுதியபோது 19 வந்தது. 18 போதும். ஒரு மார்க் வீணாகப் போனதே என்று இன்றும் நினைப்பேன்.

முதல் வாடிக்கையாளர் என் பங்காளி. ஸ்கூட்டருக்கு மூன்றாம் நபர் பாலிசி. 2022-ல் அந்த வகை வண்டிக்கு அரசு நிர்ணயித்த பிரீமியம் வருஷத்துக்கு 714 ரூபாய், வரி தனி. மூன்றாம் நபர் பாலிசிக்கு அப்போது கமிஷன் உச்சவரம்பு நூற்றுக்கு இரண்டரை. பெருக்கிப் பார்த்தேன். 17 ரூபாய் 85 காசு. அவர் வீட்டுக்குப் போய்வந்த பெட்ரோலும், அங்கே நான் வாங்கிப் போன ஆப்பிளும் இதில் சேராது.

பங்காளிக்கு இன்னொரு கேள்வி இருந்தது. "உனக்கு வர்ற கமிஷன்ல எவ்வளவுடா கழிச்சுக்குவ?" எங்கள் பக்கம் நூல், முருங்கைக்காய், கொப்பரை எதை வாங்கினாலும் கழிவு கேட்காமல் வாங்குவது மரியாதையல்ல. நான் நெஞ்சை நிமிர்த்தி 1938-ஆம் வருஷத்து இன்சூரன்ஸ் சட்டத்தின் 41-ஆவது பிரிவைச் சொன்னேன். ரிபேட் கொடுப்பதும் குற்றம், வாங்குவதும் குற்றம். முன்பெல்லாம் 500 ரூபாய் அபராதம், 2015-க்குப் பிறகு பத்து லட்சம் வரை. பங்காளி கொஞ்ச நேரம் யோசித்தார். "பதினேழு ரூவாய்க்குப் பத்து லட்சமா? என்ன தொழில்டா பண்ற நீ?"

அடுத்தது 64விபி பிரிவு. பிரீமியம் கைக்கு வந்த பிறகுதான் கம்பெனிக்குப் பொறுப்பு தொடங்கும், கடன் கிடையாது. இதை எழுதியவர் வெள்ளகோவில் பக்கம் வந்ததில்லை என்று நினைக்கிறேன். இங்கே நூல் கடன், கூலி கடன், துணி போன பணம் மூணு மாசம் கழித்து. கையில் காசு வைத்துக்கொண்டு உடனே கொடுப்பவனைப் பார்த்தால், என்னமோ கோளாறு இருக்கிறது என்று சந்தேகப்படுகிற ஊர்.

எண்ணெய் மில்காரர் ஒருவர், "நீங்க போட்டு உடுங்க, மாசக் கடைசீல தந்தர்றனுங்க" என்றார். பெரிய பாலிசி. கை நழுவிவிடுமே என்று என் பணத்தைக் கட்டினேன். மாதங்கள் போயின. மாசக் கடைசி என்று சொன்னாரே தவிர, எந்த மாசம் என்று நானும் கேட்டிருக்கவில்லை. அந்தப் பணம் இன்னும் வரவில்லை. 41-ஆவது பிரிவை விறைப்பாகப் படித்தால், பிரீமியம் முழுவதையும் ரிபேட்டாகக் கொடுத்த ஏஜென்ட் இந்த ஜில்லாவிலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

மாடு இன்சூரன்ஸையும் விடவில்லை. காதில் டேக் இல்லையென்றால் கிளைம் இல்லை என்பது அந்தப் பாலிசியின் வேதம். டாக்டர் டேக் அடித்துவிட்டார். நம்பர் தெரிகிற மாதிரி போட்டோ எடுப்பது மட்டும்தான் என் வேலை. காங்கேயம் காளை என்றால் திமிலும் கொம்பும் உங்களுக்குத் தெரியும், படத்திலாவது பார்த்திருப்பீர்கள். அது ஒருதரம் தலையை ஆட்டியது. நான் அனுப்பிய போட்டோவில் என் கட்டைவிரலும், தூரத்தில் ஒரு வேப்பமரமும் தெளிவாக விழுந்திருந்தன.

இனி என் தறிக்குடோன் கதை. இதைச் சொல்லக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது.

ஏஜென்ட் ஆனதும் பழைய பாலிசியை விட்டுவிட்டு நானே எழுதினேன். 2021 ஏப்ரலிலிருந்து சிறு தொழில்களுக்கு பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா என்று ஒரு பாலிசி இருக்கிறது. தறி, பாவு, நூல், கட்டடம் எல்லாம் சேர்த்து 20 லட்சம் பெறும். பிரீமியத்தை மிச்சம் பிடிப்போம் என்று 10 லட்சத்துக்குப் போட்டேன். எங்கே பூராவும் எரியப் போகிறது, பாதிதானே எரியும் என்பது என் லாஜிக்.

பாதிகூட எரியவில்லை. சுவிட்ச் போர்டில் பொறி கிளம்பி, பஞ்சுத் தூசியில் பிடித்து, ஓரத்துத் தறிகளும் பாவு பீம்களும் போயின. கம்பெனி அனுப்பிய சர்வேயர் வந்தார். சர்வேயர் வருகிறார் என்று காதில் விழுந்ததுமே பக்கத்துத் தோட்டத்துக்காரர் தன் வக்கீலுக்கு போன் போட்டது தனிக்கதை. எங்களுக்குள் ஒரு வரப்புத் தகராறு உண்டு.

வந்தவர் ஸ்டாக் ரிஜிஸ்டர் கேட்டார். தினசரி காலண்டரைக் கொடுத்தேன். பின்பக்கத்தில்தான் கணக்கு. ஆடி மாசத்து ஸ்டாக்கில் என் பெண் கோலம் போட்டுப் பார்த்திருந்தாள்.

நஷ்டம் 2 லட்சம் என்று முடிவாயிற்று. உள்ள மதிப்பில் பாதிக்குத்தான் இன்சூரன்ஸ் என்பதால் நஷ்டத்திலும் பாதிதான், அதாவது ஒரு லட்சம். அதிலும் எக்ஸஸ் என்று ஒரு தொகை கழிந்தது. 15 சதவீதம் வரை குறைத்துப் போட்டிருந்தால் இந்தப் பாலிசியில் கண்டுகொள்ள மாட்டார்கள். நான் குறைத்தது 50. சரியாக விவரம் சொல்லாத ஏஜென்டைப் பிடித்துத் திட்டலாம் என்று பார்த்தால், அதற்கும் வழியில்லை.

"ஏனுங்க, இதெல்லாம் அந்தப் பரீட்சைல வர்லீங்களா?" என்றாள் மனைவி. வந்தது. அச்சு அசலாக இதே கணக்கு. சரியாகத்தான் எழுதினேன், 19-ல் அது ஒன்று.

இப்போது என் ஏஜென்சி தூங்குகிறது. புது பிசினஸ் கொடுத்தால்தானே விழிக்கும்? ஊரில் இப்போது என் அக்கா பெண்தான் ஏஜென்ட். ஜெராக்ஸ் கடையில் உட்கார்ந்தபடி பி.ஓ.எஸ்.பி., அதாவது பாயின்ட் ஆஃப் சேல்ஸ் பர்சன், ஆகிவிட்டாள். அதற்கு 15 மணி நேரப் பயிற்சிதான். அவளைவிட 10 மணி நேரம் கூடப் படித்தவன் நான் என்பதை அவளிடம் அடிக்கடி சொல்வேன். சிரிப்பாள், போனிலேயே அடுத்த பாலிசியை முடித்துவிடுவாள்.

போன வாரம் என் வண்டி பாலிசியைப் புதுப்பிக்க அவளிடம்தான் போனேன்.

"மாமா, இப்பவே ஜிபே பண்ணீருங்க."

"போட்டு உடு கண்ணு, மாசக் கடைசீல தந்தர்றேன்."

"64விபி இருக்குதுங்களே மாமா. நீங்கதானுங்க எனக்குச் சொல்லிக் குடுத்தீங்க?"

"செரி, தாய்மாமன்னு பாத்து ஒரு பதினேழு ரூவாயாச்சும் கழிச்சுக்க."

"பத்து லட்சம் ஃபைனுங்க மாமா" என்று சொல்லிவிட்டு, கியூஆர் கோடு அட்டையை என் பக்கம் திருப்பி வைத்தாள்.