இருபத்தொரு கியரும் ஒரு கணக்குப்பிள்ளையும்

“புது சைக்கிள் மிதிக்க டைட்டாத்தான் சார் இருக்கும். ஓட்ட ஓட்ட லூஸாயிடும்” என்றார் விற்ற கடைக்காரர். புதுச் செருப்பு விற்றவரும் இதையேதான் சொன்னார். செருப்பு லூஸாவதற்குள் என் குதிகால் உரிந்துவிட்டது. ஆனாலும் நம்பினேன். நான் கணக்குப் பிரிவில் வேலை பார்ப்பவன். கணக்கைத் தவிர மற்ற விஷயங்களில் யார் எதைச் சொன்னாலும் நம்புவது என் சுபாவம்.

சைக்கிள் வாங்கக் காரணம் சர்க்கரை. “தினமும் நடங்க, இல்லாட்டி சைக்கிள் மிதிங்க” என்றார் டாக்டர். உட்கார்ந்துகொண்டே செய்யக்கூடியது என்பதால் இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தேன். இருபத்தொரு கியர், தடித்த டயர், அதில் கட்டை கட்டையாகப் பல். சேற்றிலும் மலையிலும் ஏறுமாம். எங்கள் ஊரான பென்னலூரில் மலை கிடையாது. இருக்கிற ஒரே ஏற்றம் எங்கள் வீட்டு வாசல் சாய்தளம்தான். அதில்தான் முதல் நாளே மூச்சு வாங்கியது.

பெங்களூர் நெடுஞ்சாலையின் சர்வீஸ் ரோட்டில் இருங்காட்டுக்கோட்டைப் பக்கம் மிதித்துப் பார்த்தேன். யாரோ பின்னாலிருந்து கேரியரைப் பிடித்து இழுப்பதுபோல் இருந்தது. திரும்பிப் பார்த்தேன். யாருமில்லை, கேரியரும் இல்லை. ஷிஃப்ட் முடிந்து போகும் கம்பெனி பஸ்களின் ஜன்னல்களிலிருந்து எல்லோரும் என்னையே பார்த்தார்கள். பழைய சைக்கிளில் புல்லுக்கட்டோடு வந்த ஒரு பெரியவர் என்னைத் தாண்டிப் போய், வேகத்தைக் குறைத்து, “பஞ்சரா சார்?” என்று அனுதாபமாக விசாரித்தார். ஆமாம் என்று சொல்லிவிட்டு இறங்கித் தள்ளிக்கொண்டு வந்தேன். பஞ்சர் என்றால் கௌரவமாகத் தள்ளலாம்.

எங்கள் தெருவைப் பற்றிச் சொல்ல வேண்டும். இருங்காட்டுக்கோட்டையில் 1998-ல் ஹூண்டாய் சான்ட்ரோவை இறக்கியது. ஒரகடத்தில் 2010-ல் ரெனோ–நிஸான் ஆலை வந்தது, 2012-ல் டெய்ம்லர் லாரி வந்தது, 2013-ல் புல்லட்டும் வந்து சேர்ந்தது. இவற்றுக்கு உதிரி பாகம் செய்யும் கம்பெனிகளுக்குக் கணக்கே இல்லை. திருநெல்வேலியிலிருந்தும் தர்மபுரியிலிருந்தும் வந்தவர்கள் ஏ ஷிஃப்ட், பி ஷிஃப்ட், சி ஷிஃப்ட் என்று மாறி மாறித் தூங்கும் தெரு எங்களுடையது. இயந்திரம் தெரியாத ஆள் நான் ஒருவன்தான். ஆகவே சைக்கிளை வாசலில் நிறுத்திய உடனேயே இலவச மருத்துவ முகாம் தொடங்கிவிட்டது.

டயர் ஆலைக்காரர் கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்தார். “காத்து பத்தாது சார்.” டயரின் பக்கவாட்டில் எவ்வளவு பிஎஸ்ஐ காற்று வேண்டும் என்று அச்சிட்டிருக்கிறது. அதைக் கண்ணாடி போட்டுக்கொண்டு படிக்க வேண்டும் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். காற்று குறைந்தால் சக்கரம் உருளும்போதெல்லாம் ரப்பர் நசுங்கி நிமிரும். நசுக்கக் கொடுத்த பலம் முழுதாகத் திரும்பி வராது, பாதி வழியில் சூடாகப் போய்விடும் என்று விளக்கினார். என் சம்பளமும் அப்படித்தான் என்பதால் உடனே புரிந்தது.

பேரிங் கம்பெனியில் இருக்கும் திருநெல்வேலித் தம்பி பெடலைக் கையால் சுற்றி, “பெடல் சுத்துற பிபி அச்சுல கிரீஸே இல்ல அண்ணாச்சி” என்றார். பெயின்ட் ஷாப்பில் இருப்பவர் குனிந்து நிமிர்ந்து பார்த்து, பெயின்ட் அருமை என்று சான்றிதழ் தந்தார். கடைசியாகக் குவாலிட்டிக்காரர் வந்தார். டொயோட்டாவின் தாயிச்சி ஓனோ பிரபலமாக்கிய முறை ஒன்று உண்டு. ஒரு கோளாறைப் பார்த்து ஐந்து முறை ‘ஏன்’ கேட்டால் வேரைப் பிடித்துவிடலாமாம். ஏன் மிதிக்க முடியவில்லை? மூச்சு வாங்குகிறது. ஏன் மூச்சு வாங்குகிறது? உடம்பு கனம். ஏன் கனம்? ஐந்தாவது ஏன் வருவதற்குள் விசாரணை தீபாவளி மைசூர்பாகில் போய் நின்றது. நான் முகாமைக் கலைத்துவிட்டேன்.

என் மனைவி புதுக்கோட்டைக்காரி. 1990களின் தொடக்கத்தில் ஷீலா ராணி சுங்கத் கலெக்டராக இருந்தபோது அறிவொளி இயக்கம் ஆயிரக்கணக்கான பெண்களுக்கு சைக்கிள் ஓட்டச் சொல்லிக்கொடுத்த மாவட்டம் அது. பாவாடை தாவணியோடு குடத்தையும் தம்பியையும் ஏற்றிக்கொண்டு மிதித்த அனுபவம் அவளுக்கு உண்டு. இத்தனை நேரமும் வாசற்படியில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தவள் எழுந்து வந்தாள்.

“ஏங்க, நீங்க ஏறாம அதைச் சுத்திப் பாத்தீங்களா? ஆள் ஏறாமலே சுத்தலைன்னா சைக்கிள் மேல தப்பு. நல்லாச் சுத்துச்சுன்னா உங்க மேல தப்பு.”

இதைவிடச் சுத்தமான தணிக்கை முறையை நான் என் சர்வீஸில் பார்த்ததில்லை. முன்சக்கரத்தைத் தூக்கிச் சுற்றிவிட்டாள். அது நெடுநேரம் ஓடி, நிற்கும்போதும் முன்னும் பின்னும் ஊசலாடி, வால்வு இருக்கும் பக்கம் கீழே வர அமைதியானது. வால்வின் எடை அவ்வளவுதான். அந்த எடைக்கே சக்கரம் வழிவிட்டது. பின்சக்கரத்தைச் சுற்றினாள். சரக், சரக் என்று இரண்டு சத்தம், அதோடு சரி. வால்வு உச்சியிலேயே நின்றது. எனக்கு உண்டான மகிழ்ச்சியைச் சொல்லி முடியாது. தப்பு சைக்கிள் மேல்!

ஸ்ரீபெரும்புதூரில் சாலையோரம் பம்பும் தண்ணீர்த் தொட்டியுமாக உட்கார்ந்திருக்கும் மெக்கானிக் பெரியவரிடம் கொண்டுபோனேன். 1949-ல் அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள்ஸ் வந்த கதையிலிருந்து ஆரம்பித்தார். ஹெர்குலிஸ், பி.எஸ்.ஏ. தவிர மற்றதெல்லாம் அவருக்கு பொம்மை. கதை முடிந்ததும் பின்சக்கரத்தைக் கழற்றி ஆக்சிலை விரலால் திருகச் சொன்னார். மணல் அரைபடுவது போல் கரகரவென்றது.

“கோன் டைட்டு சார். பால்ஸ் உருள இடமே இல்ல.”

ஆக்சிலின் இரு பக்கமும் கோன். அதற்கும் ஹப்புக்கும் நடுவே பால்ஸ். கோன் நகராமலிருக்க வெளியே ஒரு லாக் நட். அந்த நட்டை இறுக்கும்போது கூடவே கோனும் சுற்றி உள்ளே போய் நெரிக்கும். அதனால் மெல்லிய தட்டை ஸ்பேனரால் கோனைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு ஸ்பேனரால்தான் நட்டை இறுக்க வேண்டும். கோனைக் கால் சுற்றுக்கும் குறைவாகத் தளர்த்தினார். அவ்வளவுதான். சரக் சத்தம் பிரேக் கட்டை ரிம்மில் உரசுவது. இரண்டு பக்க ஸ்பிரிங்கும் ஒரே பலத்தில் இழுக்காததால் கட்டை ஒரு பக்கம் சாய்ந்து கிடந்தது. அதற்கென்றே ஒரு சின்ன ஸ்குரூ இருக்கிறது. அதைத் திருகினார், போதும்.

எனக்குக் கோபம் வந்தது. பக்கத்து ஊரில் ஆண்டுக்கு 8 லட்சம் கார் செய்யும் திறனுள்ள ஆலை. இங்கே ஒரு சைக்கிள் சக்கரம் சுற்றவில்லையே! பெரியவர் அசரவில்லை. கார் ஆலையிலேயே முழுசாக முடிந்து வெளியே ஓடி வருகிறது. சைக்கிள் அப்படி இல்லை. ஹேண்டில்பாரும் பெடலும் முன்சக்கரமும் தனியாக, அட்டைப்பெட்டியில் வருகிறது. கடையில் பூட்டும்போதுதான் கோன், பிரேக், செயின் எல்லாவற்றையும் சரிபார்க்க வேண்டும். பண்டிகைக் கூட்டத்தில் அதற்கு எந்தக் கடைப் பையனுக்கு நேரம் இருக்கிறது?

வெற்றியோடு ஏறி உட்கார்ந்தேன். “எந்த கியர்ல வச்சிருக்கீங்க?” என்று கேட்டார். “டாப் கியர்” என்றேன் பெருமையாக. ஸ்கூட்டர் ஓட்டிய கை. டாப்புக்குப் போனால் அங்கேயே இருப்பதுதான் முறை. முன்னால் 42 பல், பின்னால் 14. பெடல் ஒரு சுற்று சுற்றினால் சக்கரம் மூன்று சுற்று, 26 அங்குலச் சக்கரத்தில் சுமார் 6 மீட்டர். புல்லுக்கட்டுப் பெரியவரின் பழைய சைக்கிளோ ஒரு மிதிக்கு ஐந்தரை மீட்டர்கூடப் போகாது. ஆக, ஒவ்வொரு மிதியிலும் அரை மீட்டருக்கு மேல் நான் கடனாக வாங்கி, வட்டியை முழங்காலில் கட்டியிருக்கிறேன். பயத்தில் இரண்டு காலும் தரையில் ஊன்றுமளவு சீட்டையும் இறக்கி வைத்திருந்தேன். பெடல் அடியில் இருக்கும்போது குதிகாலை வைத்தால் கால் நேராக நீள வேண்டும் என்று சொல்லி, என்னைக் கேட்காமலே சீட்டை உயர்த்தினார். மனைவியின் தணிக்கையில் இரு பக்கமும் பற்று எழுத வேண்டியதாயிற்று. அதை அவளிடம் சொல்லவில்லை.

சாயங்காலம் இருங்காட்டுக்கோட்டைப் பக்கம் போனால் இப்போதும் கொஞ்சம் கனக்கிறது. அது கிழக்கிலிருந்து வரும் கடல்காற்று, ஸ்பேனருக்கு அடங்காது. காலையில் போகிறேன்.

நீங்கள் சைக்கிள் வாங்கப் போகிறவரானால், பணத்தை எண்ணுவதற்கு முன் கடை வாசலிலேயே இரண்டு சக்கரத்தையும் தூக்கிச் சுற்றிப் பாருங்கள். முன்சக்கரத்து வால்வு தானாகக் கீழே வராவிட்டாலோ, பின்சக்கரம் சட்டென்று நின்றாலோ அங்கேயே கோனையும் பிரேக்கையும் சரிபார்க்கச் சொல்லுங்கள். ஃபிட்டிங் கூலியில் மட்டும் பேரம் பேசாதீர்கள். ஒரு மாதம் ஓட்டியபின் நல்ல மெக்கானிக்கிடம் ஒருமுறை காட்டுங்கள். புது பிரேக் வயர் நீளும், புது ஸ்போக் கம்பி தளரும்.