இருபது பேரில் ஒருவர்

கேள்வி: அமெரிக்கக் கிராமப்புறப் பள்ளி மாவட்டம் ஒன்றிலுள்ள அரசு நடுநிலைப் பள்ளிகளில் எது சிறந்தது என்பதை அறிவது எப்படி?

பதில்: அங்கே ‘பள்ளி மாவட்டம்’ என்பது ஆட்சியர் ஆளும் மாவட்டமன்று, பெரும்பாலும் மக்கள் தேர்ந்தெடுக்கும் குழுவொன்று பள்ளிகளை நடத்தும் எல்லையே அது. 2015-ஆம் ஆண்டின் கூட்டரசுக் கல்விச் சட்டம், மூன்றாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை ஆண்டுதோறும் வாசிப்பிலும் கணக்கிலும் தேர்வு நடத்திப் பள்ளிவாரியாக முடிவை வெளியிடச் சொல்வதால், ஒப்பிடுவதற்கு எண்களுக்குப் பஞ்சமில்லை, பஞ்சமெல்லாம் மாணவர்களுக்குத்தான். ஏழாம் வகுப்பில் இருபது பேரே உள்ள பள்ளியில், ஒரே ஒருவர் கணக்கில் சறுக்கினால் தேர்ச்சி விகிதம் 5 புள்ளிகள் இறங்கிவிடும்; அவர் குடும்பம் மறு ஆண்டே வேறு ஊருக்குக் குடிபெயர்ந்தால், ஆசிரியர் எவரும் விரலை அசைக்காமலேயே பள்ளியின் ‘தரம்’ உயர்ந்துவிடும். எண்ணிக்கை மிகவும் சிறிதானால், மாணவரின் அந்தரங்கத்தைக் காக்க முடிவையே மறைத்துவிடுவதும் உண்டு.

ஆகவே பல ஆண்டுச் சராசரியையும், அதே மாணவர் ஓராண்டில் எவ்வளவு முன்னேறினார் என்று காட்டும் வளர்ச்சி அளவையையும், வறுமையின் தோராயமான அளவுகோலாகக் கொள்ளப்படும் இலவச, சலுகை விலை மதிய உணவு பெறுவோர் விகிதத்தையும் சேர்த்தே பார்க்க வேண்டும். எட்டாம் வகுப்பில் அல்ஜீப்ரா கற்பிக்கப்படுகிறதா, பேருந்தில் எவ்வளவு நேரம் செல்ல வேண்டும் என்றும் விசாரிப்பது நல்லது. எனினும், பல கிராமப்புற மாவட்டங்களில் நடுநிலைப் பள்ளி ஒன்றே ஒன்றுதான் என்பதால், அங்கே முதலிடமும் கடைசியிடமும் அதற்கே.