வாகனாரூட வியாக்கிர விசாரம்

பண்டிதர்கள் ஆராயாத பொருள் பூலோகத்தில் இனி இல்லையென்று இறுமாந்திருக்கும் இக்காலத்தில், மலேசியாவின் செமினியில் ஒரு தேநீர்க்கடை வாசலில் நிற்கும் ஆர்எக்ஸ்இசட் மோட்டார் சைக்கிளின் டேங்கில் ஒரு புலி வாயைத் திறந்துகொண்டிருப்பதைக் குறித்து ஒருவரும் ஒரு வரி எழுதாதது வியப்பே. 2005 முதல் இவ்வூரில் ஒரு பிரிட்டிஷ் சர்வகலாசாலையின் கிளை இயங்கியும் பயனில்லாமையால், அக்குறையை நிவர்த்திக்க நாமே துணிந்தோம்.

முதற்கண் கருவி. காற்றால் வர்ணம் தூவும் கருவிக்கு 1876இல் காப்புரிமை பெற்ற அமெரிக்கர் ஸ்டான்லியே பின்னாளில் சகோதரரோடு நீராவிக் கார் செய்தவராதலால், ஏர்பிரஷுக்கும் வாகனத்துக்கும் பூர்வஜன்ம சம்பந்தம் உண்டென்பது எமது துணிபு. விசையை அழுத்தினால் காற்று. பின்னே இழுத்தால் வர்ணம். இரண்டையும் ஒரே விரலால் அளந்து செய்ய வல்லவன் புலிக்கு மயிர் மயிராக ரோமம் முளைப்பித்து, மேலே கிளியர் பூச்சு அடித்து, நனைத்த உப்புத்தாளால் தேய்த்து மெருகேற்றுவான்.

இனி மிருக வகை. கழுகு உண்டு. ஓநாய் உண்டு, மலேசியக் காட்டில் இல்லை. கப்சாய் என வழங்கும் சிறு மோட்டார் சைக்கிளுக்கு முன்னே டேங்க் இன்மையால் அதில் எழுதிய மிருகத்தின் தலை முன்னும் வால் பின்னுமாகி, நடு உடல் ஓட்டுபவருடையதாகும்.

விரிக்கத் தக்கது புலியே. மலாயாப் புலியை 2004இல் தனி உபஜாதியாக்கி ஜாக்சன் என்னும் ஆங்கிலேயரின் பெயரைச் சூட்டினார்கள். மலேசியர் மலாயாவின் பெயரே வேண்டுமென்றார்கள். 2017இல் வேறொரு விற்பன்னர் குழு அவ்வுபஜாதியே இல்லையென்றது. காட்டில் எஞ்சிய 150க்கும் குறைந்த புலிகளுள் ஒன்றுக்கேனும் இச்செய்தி எட்டியதாகத் தெரியவில்லை.

புலியின் இடப்புற வரியும் வலப்புற வரியும் ஒன்றுபோல் இரா. ஆதலாலன்றோ புலிகளை எண்ணுவோர் காட்டுப் பாதையின் இருமருங்கும் எதிரெதிரே காமிரா கட்டுகிறார்கள்! நமது டேங்கிலோ, வெட்டிய ஒரே அச்சுத்தாளைப் புரட்டிப்போட்டு இருபுறமும் எழுதியிருப்பது கண்கூடு. இதனால் எழுந்த வாதம் சிறிதன்று. டேங்க் பிரதியே மூலம் என்பர் ஒரு சாரார். வண்டியின் உடலை மூடும் கவர் செட்டின் பிரதியில் ஒரு வரி குறைதலின் அதுவே இடைச்செருகல் நீங்கிய சுத்தபாடம் என்பர் மற்றொரு சாரார். 'கிரீஸ் படிந்த ஏடு' என வழங்கும் கடைக் கணக்குப் புத்தகத்தின் விளிம்பில், பெயர் தெரியாத உரைகாரர் தே தாரிக் கறையால் வரைந்த குறிப்போ (மூன்றாம் மேசைப் பதிப்பு, நான்காம் கோப்பை, ஐந்தாம் ஈ விழுந்த இடம்) இரண்டையும் மறுக்கிறது. அம்மறுப்புக்கு மறுப்பும், அதற்கொரு சமாதானமும் எழுதி, ஆறாம் வரி லோரி உரசியதால் நேர்ந்த சிதைவே என்று நிறுவியவர் புலியையும் கண்டதில்லை, மோட்டாரையும் கண்டதில்லை. எனினும் பட்டம் கிடைத்தது.

தீட்டிய இளைஞரையே கேட்டோம். "ரெண்டு பக்கத்தையும் ஒரே நேரத்துல யாருண்ணே பாக்கப் போறா?" என்றார். பாமர வாதமென்று அதைத் தள்ளி, இடப்புற வரிகளை ஒவ்வொன்றாக எண்ணி முடித்து, வலப்புறம் சுற்றிப் போனோம். போவதற்குள் எண் மறந்துபோயிற்று. மறுபடி இடப்புறம் வந்தபோது, வண்டிக்காரர் தோசையை முடித்துக் கைகழுவி வந்து ஏறி உட்கார்ந்துவிட்டார். புலி அவருடைய முழங்காலுக்குப் பின்னே மறைந்திருந்தது.