நான் உற்சாகமாக இருக்கிறேன் (காலை மணி 7.45, கட்டாயம்)

பெறுநர்:
மனிதவளப் பிரிவு,
இரண்டாம் மாடி (ஏர்கோன் ஓடும் பக்கம்).

அனுப்புநர்:
ஸ்டோர் கிராணி,
கீழ்த்தளம் (ஏர்கோன் இல்லாத பக்கம்),
லகாட், பேராக்.

பொருள்: அளவுக்கு மேல் சிரித்ததற்கான விளக்கம்

மதிப்பிற்குரிய மேலதிகாரிகளே,

காரணம் கேட்டு நீங்கள் அனுப்பிய கடிதம் கிடைத்தது. சென்ற செவ்வாய்க்கிழமை காலை ‘சிரிப்பு நிமிடம்’ முடிந்து விசில் ஊதிய பிறகும் நான் 40 விநாடி தொடர்ந்து சிரித்தேன், அது பயிற்றுநரை அவமதிக்கும் செயல், ஏழு நாளுக்குள் எழுத்து மூலம் விளக்கம் தர வேண்டும் என்று சொல்லியிருக்கிறீர்கள். 26 வருஷ வேலையில் நீங்கள் எனக்கு எழுதிய முதல் கடிதம் இது. தீபாவளி போனஸ் பற்றி நான் எழுதிய மூன்று கடிதங்களும் உங்கள் மேசையில் சுகமாக இருக்கும் என்று நம்புகிறேன்.

குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன். சிரித்தேன். 40 விநாடி என்பதுகூட நீங்கள் பெரிய மனசு பண்ணிக் குறைத்துப் போட்ட கணக்கு. கழிவறையில் போய்ச் சிரித்ததை யாரும் பார்க்கவில்லை.

ஆனால் விளக்கம் என்று கேட்டால், அது என் பாட்டியிலிருந்து ஆரம்பிக்கிறது. கடிதம் நீளமாகத்தான் இருக்கும். ஸ்டோரில் ஆணி எண்ணுகிறவனுக்கு எதையும் விடாமல் எண்ணித்தான் பழக்கம்.

பாட்டி சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். விடியற்காலை நாலு மணிக்கு எழ வேண்டும். வெயில் ஏறினால் பால் சுருங்கிவிடும் என்பதால் பெரட்டு என்னும் ஆள்கணக்கெடுப்பு இருட்டிலேயே. தலையில் விளக்கு, இடுப்பில் புகையும் கொசுவத்தி, கையில் உளி. அந்த நாலு மணிக்கு எங்கள் லயத்து வீட்டில் தினமும் ஓர் உரையாடல் நடக்கும். பேசுகிறவரும் பாட்டி, கேட்கிறவரும் பாட்டி.

“ஏ கெழவி, எந்திரிக்கப் போறியா, இல்ல கங்காணி வந்து காப்பி கலக்கிக் குடுத்தாத்தான் எந்திரிப்பியா?”

கொஞ்ச நேரம் சத்தம் இருக்காது. பிறகு, “வயசாச்சே, இன்னிக்கு அந்த மேட்டு நெரையை ஏறி முடிச்சிருவியா நீயி?” என்று இன்னொரு கேள்வி. பிறகு பாய் சுருட்டும் சத்தம்.

காட்டில் அவர் மரங்களுக்கெல்லாம் பெயர் வைத்திருந்தார். எப்படிக் கீறினாலும் ஒரு சொட்டுக்கு மேல் விடாத மரத்துக்கு, கூலிக் கணக்கு எழுதுகிறவரின் பெயர்: ‘கிராணி’. பட்டையில் உளி படுவதற்கு முன்பே கொட்டுகிற மரம் ‘சம்மந்தியம்மா’. மழை பெய்து வேலை நின்றால் அன்றைக்குக் கூலி இல்லை. அன்றைக்கும் லயத்து வாசலில் ஐந்தாறு பெண்கள் உட்கார்ந்து, துரை வெயிலில் சிவந்து நடப்பதை நடந்து காட்டிச் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்புக்கு யாரும் விசில் ஊதவில்லை. ஊதியிருந்தால் ஒருத்தியும் சிரித்திருக்க மாட்டாள். பாட்டி போய்ச் சேர்ந்த பிறகுதான் நான் வேலைக்கு வந்தேன், அதுவும் கிராணியாக. தப்பித்தேன்.

இப்போது உங்கள் திட்டத்துக்கு வருகிறேன். மூன்று மாதமாகத் தினமும் காலை 7.45-க்கு நாங்கள் வரிசையில் நின்று, நெஞ்சில் கை வைத்து, மூன்று வாக்கியம் சொல்கிறோம்: ‘நான் உற்சாகமாக இருக்கிறேன். என் இயந்திரம் என் நண்பன். இன்று நேற்றைவிடச் சிறந்த நாள்.’ கைகழுவும் இடத்துக் கண்ணாடியில் ‘உன்னைப் பார்த்துப் புன்னகை செய்’ என்று ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறீர்கள். தண்ணீர் வராத நாளிலும் அது மட்டும் வேலை செய்கிறது. பாக்கிங் பிரிவு அக்கா தன் இயந்திரத்தை நண்பன் என்று சொல்லக் கூச்சப்படுகிறார், வீட்டுக்காரருக்குத் தெரிந்தால் என்ன நினைப்பார் என்று. நேப்பாளத் தம்பி மூன்றையும் மனப்பாடமாக ஒப்பிக்கிறான். அர்த்தம் கேட்டான். ‘ஓ.டி. உண்டு’ என்று யாரோ சொல்லிவிட்டார்கள். அவன் மட்டும்தான் இன்றும் உண்மையான உற்சாகத்தோடு சொல்கிறான்.

கோலாலம்பூரிலிருந்து வந்த பயிற்றுநர் இதெல்லாம் ‘லேட்டஸ்ட் சயன்ஸ்’ என்றார். இந்த லேட்டஸ்ட் நூறு வருஷப் பழசு. பிரான்சு தேசத்தில் எமில் குவே என்றொரு மருந்துக் கடைக்காரர், நாளுக்கு நாள் எல்லா விதத்திலும் தேறி வருகிறேன் என்று மனசுக்குள் திரும்பத் திரும்பச் சொல்லச் சொல்லி, 1920-களில் ஐரோப்பா, அமெரிக்கா வரை பேர் வாங்கினார். 1926-இல் அவர் காலமானார். அதே வருஷம்தான் நம் பக்கத்து ஊர் பத்து காஜாவில் மாளிகை கட்டிக்கொண்டிருந்த கெல்லி துரையும் லிஸ்பனில் காலமானார். மாளிகை இன்னும் அரைகுறையாகவே நிற்கிறது, டிக்கெட் வாங்கிப் பார்க்கலாம்.

கெல்லி துரை பேச்சு வந்ததால் ஒன்று சொல்லிவிடுகிறேன். மாளிகை எழும்பிய காலத்தில், ஸ்பானிய ஃப்ளூ என்று உலகையே உலுக்கிய காய்ச்சல் இங்கேயும் வந்து, மதராஸிலிருந்து வந்திருந்த வேலையாட்கள் பலர் செத்துப்போனார்கள். மிச்சமிருந்தவர்கள் மாரியம்மனுக்குக் கோயில் வேண்டும் என்று கேட்டார்கள், துரையும் கட்டிக்கொடுத்தார் என்று சொல்வார்கள். இன்றும் அந்தக் கோயிலில் சாமிகளுக்கு நடுவே சட்டையும் தொப்பியுமாக ஒரு துரை சிலை இருக்கிறது. அவரை நல்லவர் என்று சொல்ல வரவில்லை. மாளிகை முடியவேண்டும், அதற்கு ஆள் வேண்டும், அவ்வளவுதான் கணக்கு. இருந்தாலும் காய்ச்சலில் கிடந்தவர்களை வரிசையில் நிறுத்தி ‘நான் ஆரோக்கியமாக இருக்கிறேன்’ என்று சொல்லச் சொல்லவில்லையே. என்ன வேண்டும் என்று கேட்டார். கேட்டதைக் கொடுத்தார். நம் ஆலையில் கேட்டது ஒரு ஃபேன்.

எங்கள் வட்டாரத்துப் புக்கிட் மேராக்காரர்களும் வாய்விட்டுக் கேட்டவர்கள்தான். பக்கத்தில் அரிய மண் ஆலை வந்து கதிரியக்கக் கழிவு சேர்ந்தபோது, ‘நன்றாக இருக்கிறோம்’ என்று கண்ணாடி பார்த்துச் சொல்லிக்கொள்ளாமல் 1985-இல் ஈப்போ நீதிமன்றத்துக்குப் போனார்கள். 1992-இல் ஜெயித்தார்கள், 1993-இல் மேல்நீதிமன்றத்தில் தோற்றார்கள், 1994-இல் ஆலை எப்படியோ மூடப்பட்டது. நல்ல எண்ணம் என்பதற்கு எங்கள் வட்டாரத்தில் கொஞ்சம் முரட்டு அர்த்தம்.

நீங்கள் என்னைப் படிக்காதவன் என்று நினைத்துவிடக் கூடாது. என் மகள் பல்கலைக்கழகத்தில் உளவியல் படிக்கிறாள். உங்கள் கடிதத்தைக் காட்டினேன். அவளும் சிரித்தாள் (அவளுக்கும் கடிதம் அனுப்புவதானால் முகவரி தருகிறேன்). பிறகு மூன்று ஆய்வுகளை எடுத்துப் படித்துச் சொன்னாள்.

2009-இல் கனடாவில் ஜோஆன் வுட் என்ற பேராசிரியரும் அவர் கூட்டாளிகளும், ‘நான் அன்புக்குரியவன்’ என்று ஆட்களைத் திரும்பத் திரும்பச் சொல்ல வைத்துப் பார்த்தார்கள். ஏற்கெனவே தன்னைப் பற்றி நல்ல எண்ணம் உள்ளவர்களுக்குக் கொஞ்சம் பலன். தன்மதிப்பு குறைந்தவர்களோ, சொல்லாமல் இருந்தவர்களைவிட மோசமாக உணர்ந்தார்கள். நாம் சொல்லும் பொய்யை முதலில் கண்டுபிடிக்கிறவர் நாமேதான், அப்பா, என்றாள் மகள். 2010-இல் அமெரிக்காவில் இன்னொரு குழு, எழுத்துகளை மாற்றிப் போட்ட சொற்புதிரை விடுவிக்கச் சொன்னது. ‘செய்வேன்’ என்று சொல்லிக்கொண்டவர்களைவிட ‘செய்வேனா?’ என்று தங்களைக் கேட்டுக்கொண்டவர்கள் அதிகம் விடுவித்தார்கள். 2014-இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்து ஈதன் க்ராஸ் குழு, பதற்றமான வேலைக்கு முன்னால் ‘நான்’ என்று பேசிக்கொள்ளாமல், தன்னையே பெயர் சொல்லியோ ‘நீ’ என்றோ கூப்பிட்டுப் பேசுகிறவர்களுக்குப் படபடப்பு குறைவு என்று கண்டது.

நான் பாட்டியை நினைத்துக்கொண்டேன். ‘ஏ கெழவி’ என்று தன்னையே தள்ளி வைத்துக் கூப்பிட்டவர். ‘ஏறி முடிச்சிருவியா நீயி?’ என்று கேள்வியாகவே கேட்டவர். உற்சாகமாக இருக்கிறேன் என்று ஒருநாளும் பொய் சொல்லாதவர். கனடா, அமெரிக்கா ஆய்வுகள் மூன்றும் ஒரு லயத்துப் பாயில் நாலு மணிக்கு நடந்திருக்கிறது, பவர்பாயிண்ட் இல்லாமல்.

அவர் பேரன் தலைமுறையான எங்களுக்கும் ஆசான் உண்டு. வடிவேலு. 2003-இல் வந்த ‘வின்னர்’ படத்துக் கைப்புள்ளயைவிடத் தன்னோடு தானே நல்லபடியாகப் பேசியவர் எவரும் இல்லை. அடி வாங்கியும் தன் பெருமை குறையாத மனிதர். ஸ்டோரில் சரக்கு எண்ணிக்கை மூன்றாவது தடவையும் இடித்தால், கைப்புள்ள முகத்தை நினைத்துக்கொண்டு நாலாவது தடவை எண்ணுவேன். போர்க்லிஃப்ட் ஓட்டும் அண்ணனும் நானும் முழு வசனமும் பேசுவதில்லை. ஒரு புருவம் போதும். வேலை ஓடிவிடும். அது உங்கள் பயிற்சி அட்டவணையில் இல்லை, ஆனால் உங்கள் உற்பத்திக் கணக்கில் பல வருஷமாக இருக்கிறது.

சிரிப்பு நிமிடத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1995-இல் மும்பையில் மதன் கட்டாரியா என்ற மருத்துவர் ஐந்து பேரோடு ஒரு பூங்காவில் சிரிப்பு மன்றம் ஆரம்பித்தார். முதலில் நகைச்சுவைத் துணுக்கு சொல்லித்தான் சிரித்தார்கள். சில நாளில் நல்ல துணுக்குகள் தீர்ந்துபோயின. அதன் பிறகுதான் காரணமே இல்லாமல் சிரிக்கும் முறையைக் கண்டுபிடித்தார். பூங்காவில் நடந்தது, வந்தவர்கள் இஷ்டப்பட்டு வந்தார்கள், பிடிக்காவிட்டால் வீட்டுக்குப் போகலாம். நீங்கள் துணுக்கு சொல்லும் கட்டத்தைத் தாண்டிக் குதித்து, நேராகக் காரணமில்லாத கட்டத்துக்கு வந்து, கதவையும் சாத்திவிட்டீர்கள்.

செவ்வாய்க்கிழமை நடந்தது இதுதான். பயிற்றுநர் எங்களைக் கண்ணை மூடச் சொன்னார். “ஐந்து வருஷம் கழித்து இதே இடத்தில் உங்களை நீங்களே பாருங்கள்” என்றார். அமைதி. மூடிய கண்ணுக்குள் நானும் என்னைத் தேடிக்கொண்டிருந்தேன். பின்னாலிருந்து போர்க்லிஃப்ட் அண்ணன் மெல்லிய குரலில் கேட்டார்:

“டேய், அங்கயாச்சும் அந்த ஃபேன் ஓடுதா பாரு.”

மூன்றாம் லைனுக்கு மேலே டிசம்பர் மாதத்திலிருந்து நிற்கிற ஃபேன். சரியாக அந்த நேரத்தில் நீங்கள் ‘சிரிப்பு நிமிடம்’ என்று விசில் ஊதினீர்கள். வரிசையில் எல்லாரும் வாய் திறந்து ஹா ஹா என்றார்கள். எனக்கு மட்டும் காரணம் இருந்தது. காரணமில்லாத சிரிப்பு இரண்டாவது விசிலில் நின்றுவிடும். காரணமுள்ளதை எப்படி நிறுத்துவது என்று உங்கள் கையேட்டில் இல்லை, 14-ஆம் பக்கம் வரை தேடிவிட்டேன்.

பயிற்சிக்கான செலவு, சம்பளத் தொகையில் 1 விழுக்காடு என்று முதலாளிகள் மனிதவள மேம்பாட்டு நிதிக்குக் கட்டும் பணத்திலிருந்து வருகிறது என்று கேள்விப்பட்டேன். நல்ல ஏற்பாடு. அதே பணத்தில் மின்சாரப் பழுது பார்க்கும் வகுப்பு ஒன்று நடத்தினால், எங்களில் ஒருவரே அந்த ஃபேனைப் பார்த்துவிடுவார். பிறகு அண்ணனுக்கும் சொல்ல ஒன்றும் இருக்காது, நானும் சிரிக்க மாட்டேன், ஒழுங்கு நிலைநாட்டப்படும்.

ஊக்கம் பற்றி ஒரே ஒரு விஷயம். 1950-களின் கடைசியில் வெள்ளைக்காரர்கள் தோட்டங்களை விற்றுவிட்டுக் கிளம்ப, வாங்கியவர்கள் அவற்றைத் துண்டு துண்டாக விற்க, தாத்தா-பாட்டி மாதிரி ஆயிரக்கணக்கானவர்கள் வேலையும் வீடும் இல்லாமல் நின்றார்கள். 1960-இல் துன் சம்பந்தன், எங்கள் சுங்கை சிப்புட்காரர், தோட்டம் தோட்டமாக ஏறி இறங்கினார். மாதம் 10 வெள்ளி கட்டு, 100 வெள்ளி சேர்ந்தால் ஒரு பங்கு, தோட்டத்தை நாமே வாங்குவோம் என்றார். தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் பிறந்தது. தினக்கூலிக்காரர்களுக்கு 10 வெள்ளி பெரிய பணம். பாட்டி கட்டினார். அன்றைக்கு நாலு மணிக்குத் தன்னிடம் என்ன பேசினார் என்று எனக்குத் தெரியாது, ஆனால் தாத்தாவை எழுப்பியது அவர்தான் என்று அம்மா சொல்வார். எங்களுக்கும் பங்கு தாருங்கள் என்று நான் கேட்கவில்லை. பயந்துவிடாதீர்கள்.

நான் கேட்பது வேறு. 2023 ஜனவரி 1 முதல் வேலைச் சட்டத்தில் வாரத்துக்கு 45 மணி நேரம்தான். நாம் எட்டு மணிக்குப் பஞ்ச் பண்ணிய பிறகே அந்த 45-ஐ முழுசாகச் செய்துவிடுகிறோம். ஆகவே 7.45-லிருந்து 8.00 வரை நான் உற்சாகமாக இருந்தது மிகைநேரம். ஒரு நாளைக்கு 15 நிமிடம், மாதம் 26 நாள், மூன்று மாதம்: மொத்தம் 19 மணி 30 நிமிடம். சாதாரண நாளில் ஒன்றரை மடங்கு என்பதால் 29 மணி 15 நிமிடச் சம்பளம். மாதச் சம்பளம் 4,000 வெள்ளிக்குள் இருப்பவர்களுக்கு இது பொருந்தும். என்னுடையது அதற்குள்தான் இருக்கிறது என்பதை உங்களைவிட நன்றாக அறிந்தவர் யார்? நேப்பாளத் தம்பிக்கும் சேர்த்துக் கணக்குப் போட்டிருக்கிறேன். அவனிடம் ‘உண்டு’ என்று சொன்ன வாய் பொய்க்கக் கூடாது.

மிகைநேரப் படிவம் இணைத்துள்ளேன், மூன்று பிரதி, உங்கள் வழக்கப்படி. செவ்வாய்க்கிழமைக்கு நேரே மட்டும் 40 விநாடி கழித்திருக்கிறேன். அந்தச் சிரிப்பு என் சொந்தச் செலவு.

இப்படிக்கு,
ஸ்டோர் கிராணி
(எப்படிக் கீறினாலும் ஒரு சொட்டுக்கு மேல் விடாதவன்)