சபையில் சாமுவேல், சர்டிபிகேட்டில் சுப்பிரமணி

வேலூர், ராணிப்பேட்டை, ஆம்பூர் பக்கம் ஊழியம் செய்ய ஆள் இல்லை என்று யாராவது புலம்பினால் நம்பாதீர்கள். பாஸ்டரேட் கமிட்டிக்குத் தேர்தல் அறிவித்திருக்கும் ஏதாவது ஒரு சபைக்குப் போய்ப் பாருங்கள். செக்ரட்டரியாகி ஊழியம் செய்ய ஒரு கூட்டம், பொருளாளராகி ஊழியம் செய்ய இன்னொரு கூட்டம், இந்த இரண்டு கூட்டமும் ஊழியம் செய்துவிடாமல் தடுக்க மூன்றாவதாக ஒரு கூட்டம். ஆளுக்கொரு நோட்டீஸ், ஆளுக்கொரு உபவாச ஜெபம். உபவாசம் முடிந்ததும் ஆம்பூர் பிரியாணி. ஜெயித்தவர் ஆண்டவருக்குத் தோத்திரம் சொல்வார். தோற்றவர் வக்கீலுக்குப் போன் போடுவார்.

கல்லறைத் தோட்டத்தில் முள் வெட்டவும், ஆராதனை முடிந்து பாய் சுருட்டவும், அறுப்பின் பண்டிகைக்கு அண்டா கழுவவும் மட்டும் இதுவரை போட்டி வந்ததாகத் தகவல் இல்லை. வாரம் முழுக்க ஷூ கம்பெனியில் கால் கடுக்க நின்றுவிட்டு வரும் அக்காமார்கள் அந்தப் பதவிகளுக்கு வருஷா வருஷம் ஏகமனதாகத் தேர்வாகிவிடுகிறார்கள்.

சபைக்குள் வரும் வழக்கை வெளியார் கோர்ட்டுக்குக் கொண்டுபோகிறீர்களே, வெட்கமாயில்லையா என்று கொரிந்து சபையாரைக் கடிந்துகொண்டார் பவுல். நம்மவர்கள் பவுலையே அப்பீலில் தோற்கடித்துவிட்டார்கள். 1947இல் பல மிஷன் சபைகள் ஒன்றாய்ச் சேர்ந்து உருவான தென்னிந்தியத் திருச்சபையில் தலைமைத் தகராறு முற்றி, 2024 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றம் ஓய்வுபெற்ற நீதிபதிகள் இருவரை நிர்வாகிகளாகப் போட்டது. இத்தனை மேய்ப்பர்கள் இருந்தும் மந்தையைப் பார்த்துக்கொள்ள ஜட்ஜ் ஐயா வரவேண்டியிருந்தது.

இதே மண்ணில்தான் 1853இல் ஸ்கடர் சகோதரர்கள் ஆற்காடு மிஷனைத் தொடங்கினார்கள். அந்தக் குடும்பத்துப் பெண் ஐடா ஸ்கடர் 1900இல் வேலூரில் ஒற்றைக் கட்டிலோடு வைத்தியம் ஆரம்பித்தார். அதுதான் இன்றைய சி.எம்.சி. நல்லவேளை, அந்தக் கட்டிலுக்கு அப்போது கமிட்டி இல்லை. இருந்திருந்தால், தலைமாட்டுக் கல்வெட்டில் யார் பெயர் முதலில் வருவது என்பதற்கு ஸ்டே வாங்கியிருப்பார்கள். நோயாளி தரையிலேயே கிடந்து போய்ச் சேர்ந்திருப்பார்.

இதுவரை சொன்னது சிரித்துவிட்டுப் போகிற சமாசாரம். சிரிக்க முடியாதது சபையின் வாக்காளர் பட்டியலும் அதில் மாட்டிக்கொள்கிற ஆளும்.

சபையில் சாமுவேல், சர்டிபிகேட்டில் சுப்பிரமணி. அவர் ஒரே ஒரு ஆள் இல்லை. தோல் தொழில் நடக்கிற ஊரெல்லாம் இருக்கிறார். டேனரியில் சுண்ணாம்புத் தொட்டியிலிருந்து தோலை இழுத்து இழுத்து நகக்கண் வெந்துபோனவர். அவருக்கு இரண்டு பெயர் வைத்தது அவருடைய அப்பா இல்லை, இந்திய அரசாங்கம். 1950 ஆகஸ்ட் 10ஆம் தேதியிட்ட குடியரசுத் தலைவர் ஆணையின் மூன்றாவது பத்தி, இந்து அல்லாதவர் பட்டியல் சாதியில் வரமாட்டார் என்றது. 1956இல் சீக்கியருக்கும் 1990இல் பௌத்தருக்கும் கதவைத் திறந்தார்கள். கிறிஸ்தவ, முஸ்லிம் தலித்துகள் இன்னும் வாசலில் நிற்கிறார்கள். ஞானஸ்நானம் எடுத்த தலித் தமிழ்நாட்டில் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலுக்குப் போய்விடுகிறார். தண்ணீரில் முங்கி எழுந்தால் சாதி கரைந்துவிடும் என்று டெல்லி மனதார நம்புகிறது. முங்கி எழுந்தவர் திரும்பிப் போவது அதே காலனிக்கு, அதே டேனரிக்கு.

மகளின் படிப்பு கெடக்கூடாது என்று சாமுவேல் காகிதத்தில் சுப்பிரமணியாகவே இருக்கிறார். ஆர்.ஐ. விசாரணைக்கு வருகிறார் என்று தெரிந்தால், சுவரில் இருக்கும் இயேசு படம் அரிசி டிரம்முக்குப் பின்னால் போய்விடும். சுவரில் சிலுவை மாட்டியிருப்பதெல்லாம் சாதிச் சான்றிதழை ரத்து செய்யக் காரணமாகாது என்று 2021இல் சென்னை உயர் நீதிமன்றம் அதிகாரிகளுக்குப் பாடம் எடுக்க வேண்டியிருந்தது. 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் வேறு பாடம் எடுத்தது: ஞானஸ்நானம் பெற்று சர்ச்சுக்குப் போய்வரும் புதுச்சேரிப் பெண் ஒருவர் இந்து என்று சொல்லிச் சான்றிதழ் கேட்டது அரசியல் சட்டத்துக்குச் செய்யும் மோசடியாம். எழுபது வருஷத்துக்கும் மேலாக ஒரு ஜனத்தைப் பொய் சொல்ல வைத்தவர்கள் பேசுகிறார்கள், மோசடியைப் பற்றி!

சரி, அரசாங்கம் ஞானஸ்நானப் பதிவேட்டைக் காட்டி சுப்பிரமணியை அடிக்கிறது. சபையாவது சாமுவேலை அணைத்துக்கொள்ளுமா?

வாக்காளர் பட்டியல் சரிபார்க்கும் நாளில் போய் உட்காருங்கள். அவர் எதிரணிக்கு ஓட்டுப் போடுகிறவர் என்று தெரிந்தால் போதும். வெள்ளை வேட்டி ஒன்று எழுந்து நிற்கும். "ஐயரே, இவரு கவர்ன்மென்ட் ரெக்கார்டுல இந்து. இவருக்கு எப்படி சபையில ஓட்டு?" ஆயர் குனிந்தபடி பேனா மூடியைத் திருகிக்கொண்டிருப்பார். சாமுவேலின் மகளுக்கு ஞானஸ்நானம் கொடுத்ததே அவர்தான். சாமுவேல் வாயைத் திறக்க மாட்டார். திறந்தால் பேச்சு தாலுகா ஆபீஸ் வரைக்கும் போகும் என்பது அவருக்குத் தெரியும், அது வெள்ளை வேட்டிக்கும் தெரியும். அந்தப் பயம்தான் அங்கே மூலதனம்.

ஆனால் சந்தா புத்தகத்தைப் புரட்டுங்கள். அதில் சாமுவேல் மாதா மாதம் இருக்கிறார். காணிக்கைப் பையை நீட்டும்போது கம்யூனிட்டி சர்டிபிகேட்டை எடு என்று யாரும் கேட்டதில்லை. அறுப்பின் பண்டிகைக்கு அவர் மனைவி வளர்த்துக் கொண்டுவந்த சேவலை ஒரு தரம், ரெண்டு தரம் என்று ஏலம் விட்டார்களே, அது இந்துச் சேவலா கிறிஸ்தவச் சேவலா என்று ஒருவரும் ஆட்சேபிக்கவில்லை. ஏலம் எடுத்த கான்ட்ராக்டர் பெயர் மட்டும் மைக்கில் மூன்று முறை ஒலித்தது.

நவம்பர் வந்தால் தலித் விடுதலை ஞாயிறு. விசேஷ ஜெபம், விசேஷ பிரசங்கம், அரசாங்கத்துக்குக் கண்டனம். மதம் மாறினாலும் சாதி எங்களை விடவில்லை என்று டெல்லிக்கு மனு போகிறது. மனு சொல்வது நிஜம்தான். 2023 ஏப்ரலில் தமிழ்நாடு சட்டமன்றமே அதற்காகத் தீர்மானம் போட்டது. இதையே ஆராய 2022இல் டெல்லி போட்ட பாலகிருஷ்ணன் ஆணையமோ அவகாசத்துக்கு மேல் அவகாசம் வாங்கியது. ஆனால் இதே வாய்கள்தான் கல்யாணப் பேச்சும் கல்லறைக் குழியும் வரும்போது, "நம்ம சபையில ஏது சாதி?" என்று கேட்கின்றன. டெல்லிக்குப் போனால் சாதி உண்டு, ஊருக்குத் திரும்பினால் சாதி இல்லை. 2008இல் விழுப்புரம் பக்கம் எறையூரில் ஒரே பலிபீடத்தைக் கும்பிட்டவர்கள் சாதியாகப் பிரிந்து மோதி, போலீஸ் சுட்டதில் இரண்டு பேர் செத்தார்கள். அதற்கும் டெல்லி ஏரோது மேல்தான் பழி போடவேண்டும்.

பிரசங்கத்தில் இதெல்லாம் வராது. பாலாறே வருவதில்லை. டேனரிக் கழிவு இந்த ஆற்றை நாசமாக்கியது என்று 1996இலேயே உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லியாயிற்று. நம் பிரசங்க பீடத்தில் பாலாறு ஏறவேண்டுமானால் அது யோர்தான் என்று பெயர் மாற்றிக்கொண்டுதான் ஏறவேண்டும். சாமுவேலுக்கு இரண்டு பெயர் இருப்பது பாவம் என்கிறார்கள். ஆற்றுக்கு இருந்தால் தேவலாம் போலிருக்கிறது.

அடுத்த முறை மனுவோடு டெல்லிக்கு ரயில் ஏறும் பெரியவர்களே, ஒரு காகிதத்தைக் கூடவே எடுத்துப்போங்கள். உங்கள் சபைகளின் வாக்காளர் பட்டியல். எந்தச் சர்டிபிகேட்டைக் காட்டி யார் யாரை நீக்கினீர்கள் என்ற பக்கத்தோடு. அரசாங்கம் பறித்த உரிமையைக் கேட்கப் போகிறவன் மடியில், அதே ஏழையிடம் தான் பறித்தது இருக்கக் கூடாது.