கப்பலேறிய கஞ்சி

கே: சென்னையில் ஒரு சீன ஓட்டலில் 'காஞ்ஜீ' என்றொரு அயிட்டம். வாங்கினால் நம்ம வீட்டுக் கஞ்சி! (சங்கராபுரம் வாசகர்)

ப: பின்னே? பெயரே நம்முடையதுதான். சீனர் அதை 'ஜோ' என்பார்கள், ஹாங்காங்கில் 'ஜுக்'. நம் சொல்லைக் கப்பலேற்றியவர்கள் போர்ச்சுக்கீசியர். கோவாவில் இருந்த மருத்துவர் கார்சியா ட ஓர்டா 1563-இல் அச்சிட்ட நூலில், மிளகும் சீரகமும் சேர்த்த கஞ்சித் தண்ணீரை நோயாளிக்குக் கொடுப்பதை எழுதியிருக்கிறார். இன்று போர்ச்சுகலில் 'கான்ஜா' என்றால் அரிசி போட்ட கோழி சூப். கோழி மட்டும் அவர்கள் கைவண்ணம்.

கே: 'உள்ளே போனால் களி' என்கிறோமே, வெள்ளைக்காரனுக்கும் அதுதானா? (சின்னசேலம் வாசகர்)

ப: அவன் பட்டாளத்துக் கொட்டடிக்கு 'காஞ்ஜீ ஹவுஸ்' என்றே பெயர். அடைபட்டவனுக்குக் கஞ்சிதான். நமக்குக் களி, அவனுக்குக் கஞ்சி; தண்ணீர் அளவில்தான் வித்தியாசம்.

கே: கஞ்சி, கூழ், களி: மருமகளுக்கு எப்படி விளக்க? (தியாகதுருகம் வாசகி)

ப: தானியத்தை முழுசாகவோ நொய்யாகவோ, தண்ணீர் தாராளமாக விட்டுக் குழைய வேகவைத்தால் கஞ்சி. மாவைக் கரைத்துக் காய்ச்சினால் கூழ். அதே மாவைத் துடுப்பால் கிளறி, ஈரக்கையில் ஒட்டாத பதத்தில் இறக்கினால் களி. கல்வராயன் மலைச் சாமை நொய்யில் தொடங்கச் சொல்லுங்கள். சட்டென வெந்துவிடும், ஆறினால் இறுகிவிடும். மோர் விட்டுக் கரைத்து, சின்ன வெங்காயத்தைக் கடித்துக்கொண்டு குடிக்கட்டும். பிறகு விளக்கமே வேண்டாம்.

கே: வள்ளுவர் கஞ்சி குடித்தாரா? (உளுந்தூர்பேட்டை வாசகர்)

ப: அவர் அடுக்களை நமக்குத் தெரியாது. 1065-ஆம் குறளில் 'புற்கை' இருக்கிறது. அதுவும் கஞ்சிக்குச் சொந்தக்காரிதான். உழைத்துக் குடித்தால் அதைவிட ருசி இல்லை என்கிறார்.

கே: காஞ்சிபுரத்துக்கும் கஞ்சிக்கும் சம்பந்தம் உண்டா? (கச்சிராயபாளையம் வாசகர்)

ப: பெயரில் இல்லை, வயிற்றில் உண்டு. கல்வராயன் மலையாளிப் பழங்குடியினர், தங்கள் முன்னோர் காஞ்சியிலிருந்து மலையேறியதாகச் சொல்வார்கள். (கேரளத்தைத் தேடாதீர்கள், பேசுவது தமிழ்.) காஞ்சியை விட்டவர்கள் கஞ்சியை விடவில்லை.

கே: புது மாப்பிள்ளைக்குச் சாமைக் கஞ்சி கொடுத்தால் மரியாதைக் குறைவா? (வெள்ளிமலை வாசகி)

ப: 2023-ஐ ஐ.நா. சபையே சிறுதானிய ஆண்டாகக் கொண்டாடியது; உங்கள் சம்பந்தி அதைவிடப் பெரிய சபையா? தைரியமாக ஊற்றுங்கள். உப்பை மட்டும் மறந்துவிடாதீர்கள். உள்ளளவும் நினைக்க மாப்பிள்ளைக்கு ஒரு காரணம் வேண்டாமா?