பட்டம் புடிச்சு மலையேறப் போறியா கண்ணு?

நார்வேக்குப் போறியாமா கண்ணு? பேஷாப் போ. கால்ல சறுக்குக்கட்டையை மாட்டி, இடுப்புல வாரைக் கட்டி, ஒரு துணிப்பட்டத்தை ஆகாசத்துல ஏத்தி, அது இழுக்கற இழுப்புல பனிமலை ஏறப்போறியாம். ஸ்னோகைட்டிங்கறாங்க. எங்க காலத்துல பட்டம் உட்டா பட்டம் மேல போகும், பையன் கீழ நிப்பான். இப்பப் பையனும் சேந்து போறான். செரி, முன்னேத்தந்தான்.

சாமானைத் திண்ணையில பரப்பி வெச்சிருந்தியே, பாத்தேன். பட்டமே மூணு. காத்து கம்மின்னா பெருசு, பலமா அடிச்சாச் சின்னது. அது நாயம். 20 மீட்டருக்கு மேல நூலு, புடிச்சுத் திருப்பக் கட்டை, ஹெல்மெட், அதெல்லாமும் வேணுந்தான். அப்பறம் கரண்டுல சூடாகற கையொறை. தலையில ஒரு கேமரா, நெஞ்சுல ஒரு கேமரா. தலையில இருக்கறது நீ பாக்கறதைப் பாக்கும். நெஞ்சுல இருக்கறது எதைப் பாக்கும்? காத்து எந்தப் பக்கமிருந்து வருதுன்னு கேட்டா மட்டும் ஃபோனைத் தடவறே. ஏன் அப்புனு, மூஞ்சி எதுக்கு இருக்குது?

இது நேத்து மொளைச்ச வித்தைன்னு நெனைச்சுக்காதே. 1888-ல நான்சன்னு ஒரு நார்வேக்காரர் கிரீன்லாந்தைக் குறுக்கால கடந்தார். மொத்தம் ஆறு பேர். அதுல பால்ட்டோ, ராவ்னான்னு ரெண்டு பேர் வடக்கத்திச் சாமி இனத்து ஆளுங்க. பொறந்ததுல இருந்து பனியிலயே பொழங்குனவங்க. காத்து தோதா அடிக்கவும், சறுக்குவண்டிகளைச் சேத்துக் கட்டிப் பாய் ஏத்திரலாம்னார் நான்சன். பால்ட்டோவுக்கு வந்துதே கோவம்! கடலைப் பத்தி எதையாச்சும் சொல்லிக்குடு, பனியைப் பத்தி எங்களுக்கே பாடமான்னு மொணகியிருக்கான். ஆனாலும் ஏத்துனாங்க. கம்பெனிப் பாயா? கூடாரத்துல தரைக்கு விரிக்கற துணி! அது இழுத்துக்கிட்டு ஓட்டமா ஓடுச்சு. பொழுது மங்கற நேரம். முன்னால என்னமோ கருப்பாத் தெரியுதேன்னு நான்சன் உத்துப் பாக்கறார், பனியில வாயைப் பொளந்துக்கிட்டு ஒரு வெடிப்பு. சட்டுனு நிறுத்துனதால ஆறு பேரும் ஊடு வந்து சேந்தாங்க. பாய் இழுக்காதுன்னு பால்ட்டோ நெனைச்சது தப்பு. இழுத்தாப் போதும்னு நெனைக்கறியே, நீ நெனைக்கறதும் தப்புதான்.

கணக்குல புலியாமே நீ? ஒண்ணு சொல்லு. காத்து மணிக்கு 20 கிலோமீட்டர்ல இருந்து 40 ஆனா, இழுப்பு எத்தனை மடங்கு ஆகும்? ரெண்டா? நாலு கண்ணு, நாலு. ஆடிக் காத்துல அம்மியே பறக்கும்னு உங்க ஆத்தா சொல்லுவாளே, நீ அம்மியை விட லேசு. அதுலயும் மலைக்காத்து ஒரே சீரா அடிக்காது. முகட்டுக்கு இக்கட்டால வாகா இழுக்கும். அக்கட்டால போனாச் சுழண்டு கீழ அடிக்கும். அப்பப் பட்டம் மடங்கும், திடீர்னு விரியும், உன்னையத் தூக்கிக் கல்லுல அடிக்கும். இடுப்பு வாருக்கு முன்னால செவப்பா ஒண்ணு இருக்குதல்ல, அதைத் தள்ளுனா இழுப்பு அத்துப்போகும், பட்டம் ஒத்தை நூல்ல சும்மா கெடக்கும். அதை ஊட்டுலயே கையொறையைப் போட்டுக்கிட்டு, கண்ணை மூடிக்கிட்டுத் தள்ளிப் பழகு. பட்டம் இழுத்துக்கிட்டு ஓடறப்போ கையேட்டைப் பொரட்ட முடியுமா?

நார்வேயில ஹார்டாங்கர்விட்டான்னு பரந்த மேட்டுநெலம் இருக்குது. ஹவ்கஸ்டோல், ஃபின்சேன்னு ரயில்ல எறங்குனா வாசல்லயே பனி. பழகறவனுக்குப் பெரும்பாலும் தட்டையான அந்த எடம் சொகம். அங்க காட்டு ரெயின்டீர் மான் மேயுது. உம்பட்டத்தைப் பாத்தா மெரண்டு ஓடும்னு அங்கங்க பட்டம் உடக்கூடாதுன்னு எல்லை போட்டிருக்காங்க, அதைக் கேட்டுக்க. ஆனா உனக்கு அந்தத் தட்டையான எடம் ஆகாது. போட்டோவுல எடுப்பா இருக்காதாமே! பக்கத்துல 1,900 மீட்டருக்கு மேல நிக்கற ஹாலிங்ஸ்கார்வெட் மேலதான் கண்ணு.

அங்கதான் எனக்கு வெசனம். பனிச்சரிவு எச்சாக் கழலறது எங்க தெரியுமா? 30-ல இருந்து 45 டிகிரி வரைக்கும் சாய்ஞ்ச சரிவுல. அதைவிடச் சாய்வு கம்மின்னா பனி பேசாமக் கெடக்கும். ரொம்பச் செங்குத்துன்னா சேராம அப்பப்ப உதுந்துரும். காத்து என்ன பண்ணுது? அடிக்கற பக்கத்துப் பனியை வழிச்செடுத்து, முகட்டைத் தாண்டி, மறைவுப் பக்கத்துல கொண்டுபோயிக் கொட்டுது. வானத்துல இருந்து ஒரு பொட்டுப் பனி உழுகாத நாள்லயும் அங்க குமிஞ்சுக்கிட்டே இருக்கும். மேல கெட்டித் தட்டு, அடியில ஒட்டாத பழம்பனி. ஒரு ஆள் மிதிச்சாப் போதும், தட்டு மொத்தமாக் கழண்டுக்கும். நல்ல காத்து வரட்டும்னு நாள்கணக்கா சன்னல்ல உக்காந்திருப்பியே, அந்தக் காத்துதான் அத்தனை நாளும் அக்கட்டால இந்த வேலையைப் பாத்திருக்கும்.

நடந்து ஏறறவன் உன்னைய விடப் பெரிய அறிவாளின்னு நான் சொல்லல. அவன் மெதுவாப் போறான், அவ்வளவுதான். மூச்சு வாங்க நிப்பான். நின்னா நாலு பக்கம் பாப்பான். காலடியில தொம்முனு பனி அமுங்குனா அவனுக்குக் கேக்கும், விரிசல் ஓடுனாத் தெரியும். அவன் மத்தியானம் வரைக்கும் ஏறறதை நீ ஒரு டீ குடிக்கற நேரத்துல ஏறிப்புடுவே. கண்ணு பட்டத்து மேல, காதெல்லாம் காத்து. கால் என்ன சொல்லுதுன்னு எப்பக் கேப்பே?

"அதுக்குத்தான் பீக்கன் இருக்குதே தாத்தா"ங்கறே. இருக்குது. நீ பனியில பொதைஞ்சா அந்தச் சிக்னல் பொட்டி கத்தும். யாருக்குக் கத்தும்? கூட வந்தவன்கிட்டயும் ஒண்ணு இருக்கணும், குத்திப் பாக்கக் கம்பி இருக்கணும், தோண்ட மம்பட்டி இருக்கணும். மொதக் கால் மணி நேரத்துக்குள்ள எடுத்தாப் பொழைக்க வழி எச்சு, அப்பறம் மடமடன்னு கொறைஞ்சு போகும். நீ தனியாப் போனா அந்தப் பொட்டி யாரைக் கூப்புடும், மானையா? இன்னொண்ணு. ஃபோன், கேமரா, சூட்டுக் கையொறை, இதெல்லாம் பீக்கனோட சிக்னலைக் கெடுக்கும். சும்மா மாட்டியிருக்கறப்பவே 20 சென்டிமீட்டர் தள்ளி வெக்கணும், ஆளைத் தேடறப்போ 50. நீ நெஞ்சுல கேமராவை மாட்டி, அதுக்கடியிலயே பீக்கனையும் கட்டியிருக்கறே!

பனிச்சரிவு அபாயத்துக்கு 1-ல இருந்து 5 வரைக்கும் நம்பர் போட்டுச் சொல்றாங்க. 5-ன்னா எல்லாரும் ஊட்டுலயே படுத்துக்குவாங்க. நெறையப் பேரு சாகறது 3-ல கண்ணு. பாதிதானேன்னு கெளம்பறவன் கூட்டம் அது. உன்னாட்டப் பசங்கதான், பாஸ் மார்க்குன்னு நெனைச்சுக்குவாங்களோ என்னமோ.

மலைக்குப் போறவங்களுக்குன்னு அந்த நாட்டுல 9 விதி எழுதி வெச்சிருக்காங்க. 1967 ஈஸ்டர் லீவுல மலைக்குப் போயி 18 பேரு செத்தாங்க. அதுக்கப்பறம் அந்த விதிகளை ஊரெல்லாம் பரப்புனாங்க. 8-வது விதி என்னன்னா, நேரத்தோட திரும்பு, திரும்பறதுல வெக்கமில்லைங்கறது. அடடா, எந்தக் கெழவன் எழுதுனானோ! ஆனா ஒண்ணு, பாதியில திரும்புன பயல் எவனும் அதைப் போட்டோ எடுத்துப் போட்டு நான் பாத்ததில்லை.

திரும்பறதுன்னதும் நெனைப்பு வருது. போகையில காத்து இழுத்துக்கிட்டுப் போகுது. 10 கிலோமீட்டர் போனப்பறம் காத்து நின்னுருச்சு, பட்டம் பொத்துனு உழுந்துருச்சு, நூலு சிக்கிக்கிச்சு. அப்ப? சுருட்டி முதுகுல கட்டிக்கிட்டு நடக்கணும். ஃபின்சேவுக்கு ரோடு கெடையாது, ரயிலுதான். கடைசி ரயிலு எத்தனை மணிக்குன்னு பாத்தியா? பாக்கலியா? செரி, அப்பச் சோத்துப் பொட்டலம் ரெண்டு சேத்தியே கட்டிக்க. உங்கூட வர்ற பயலும் கொண்டுக்கிட்டு வந்திருக்க மாட்டான்.